சக்கரம் சுற்றியவள் உளி பிடித்த கதை

கடைசல் வேலையில் மரத்தைக் குறைக்கத்தான் முடியும், கூட்ட முடியாது. குழம்பில் உப்பு குறைந்தால் போட்டுக்கொள்ளலாம், ரவிக்கை இறுகினால் தையலைப் பிரித்துக்கொள்ளலாம். மரத்தில் ஒரு நூல் கூடுதலாகப் போய்விட்டால் போனதுதான். இதைப் படிக்கிற நீங்களும் ஒரு தடவையாவது எதையாவது கூடுதலாக நறுக்கி, கூடுதலாகக் காய்ச்சி, அல்லது கூடுதலாகப் பேசிவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருப்பீர்கள். அப்படியானால் நீங்கள் எனக்குச் சொந்தம். நான் சாமியார் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்; கோணலை நேராக்குகிற கதைதான் இது.

உள்ளேயிருந்து வந்த கட்டில்கால்

எங்கள் பட்டறை கொடைக்கானல் பஜாருக்குக் கீழே, சரிவில் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. ஒரு முனையில் லேத்து, மறுமுனையில் ஆளுயரச் சக்கரம். சக்கரத்தையும் லேத்தையும் ஒரு நீளத் தோல்பட்டை இணைத்திருக்கும். சக்கரத்தின் கைப்பிடியைப் பிடித்து ஒருவர் சுற்றினால் லேத்தில் மாட்டிய கட்டை சுழலும்; இன்னொருவர் உளியைக் கொடுத்துக் கடைசல் பிடிப்பார். கல்யாணமாகி நான் மலைக்கு வந்தது ஐம்பதுகளின் தொடக்கத்தில். அன்றிலிருந்து சக்கரம் என் கையில், உளி என் வீட்டுக்காரர் சவரிமுத்துவின் கையில்.

கட்டில்கால், திரைச்சீலை வளையம், கைத்தடிப் பிடி, மேசை விளக்குத் தண்டு, சீசனுக்கு வருகிறவர்கள் வாங்கிப்போகிற பவுடர் டப்பா, பிள்ளைகளுக்குச் சொப்பு, எல்லாம் செய்வார். வேகம் ஒரே சீராக இருக்க வேண்டும் என்று நான் செபம் சொல்லிக்கொண்டே சுற்றுவேன். அருள் நிறை மந்திரத்துக்கு ஒரு வேகம், பரலோக மந்திரத்துக்கு ஒரு வேகம். அவரும் "இந்தக் கட்டைக்குப் பரலோகம் போதும்" என்பார். வெளியாட்கள் கேட்டால் பயந்துபோவார்கள்.

எனக்கு அலுக்காத காட்சி ஒன்று உண்டு. நாலு மூலை உள்ள கட்டை வேகமாகச் சுற்றும்போது அதன் மூலைகள் கண்ணுக்குத் தெரியாது. நடுவில் கெட்டியாக ஒரு மரம் தெரியும். அதைச் சுற்றிப் புகைபோல ஒன்று நிற்கும். அந்தப் புகைக்குள் மரம் எங்கே தொடங்குகிறது என்று அவருடைய உளிக்கு மட்டும் தெரியும். உளி தொட்டதும் புகை கரைந்து உருண்டை வந்துவிடும். எத்தனை ஆயிரம் கட்டைகள் அப்படி வந்தும், ஒவ்வொரு தடவையும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். பூம்பாறையிலிருந்து பூண்டு மூட்டையோடு சந்தைக்கு வந்த ஒரு பெரியவர், மகள் சீருக்குக் கட்டில்கால் கடையச் சொல்லிவிட்டு, வேலை முடிகிறவரைக்கும் வாயைத் திறந்தபடியே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "ஏம்மா, நாங்க உருளக்கெழங்கு தோலச் சீவுனா உள்ள கெழங்குதான் இருக்கு. இவரு சீவுனா உள்ளேர்ந்து கட்டில்காலுல்ல வருது."

வெடித்த கட்டை

அறுபதுகளின் கடைசியில் ஒரு சீசன் சமயம். மகன் மதுரையில் மில் வேலைக்குப் போய்விட்டான். மகளை அய்யம்பாளையத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஒரு பங்களாவின் மாடிப்படிக்குத் தைலமரத்தில் கம்பங்கள் கடைந்துகொண்டிருந்தோம். ஒரு கட்டைக்குள் வெளியே தெரியாத வெடிப்பு ஒன்று இருந்திருக்கிறது. சுற்றிக்கொண்டிருக்கும்போதே கட்டை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி அவர் நெற்றியில் அடித்தது. நான் கைப்பிடியை விடுவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. புருவத்தில் தையல் போட்டார்கள். கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. சர்வேசுரனுக்குத் தோத்திரம் சொல்லிக்கொண்டு வீடு வந்தோம்.

காயம் ஆறிவிட்டது. ஆறாதது வேறு. உளிகளை முன்போலவே தீட்டினார். மயிர் வழிக்கலாம், அவ்வளவு கூர்மை. ஆனால் நான் சக்கரத்தில் கை வைத்து, பட்டை "ஸ்..." என்று ஓடத் தொடங்கினால் போதும், அவர் கை நடுங்கும், நெற்றி வியர்க்கும். உளியை வைத்துவிட்டு வெளியே போய்க் கூரை இறவாணத்துக்குக் கீழே கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். வாரக்கணக்கில் இப்படியே போயிற்று. பேச்சும் குறைந்துபோனது. மகன் வந்து பார்த்துவிட்டு, மழை விட்டுத் தை பிறந்ததும் லேத்தை விற்றுவிட்டு இரண்டு பேரும் மதுரைக்கு வந்துவிடுங்கள் என்றான். பிள்ளை பாசமாகத்தான் சொன்னான். இவர் "ம்" என்றார். மரத்தைத் தொட்டுப் பார்த்து அதன் வயதைச் சொல்கிற மனுஷர், மில் வாசலில் என்னத்தைத் தொட்டுப் பார்ப்பார்? அந்த "ம்" எனக்குத் தாங்கவில்லை. தை பிறப்பதற்குள் அவர் மறுபடி லேத்துக்கு வரவேண்டும் என்பதுதான் அன்றிலிருந்து என் ஒரே வேண்டுதல்.

எங்களுக்குக் கட்டை அறுத்துத் தருகிற ஆசாரி ஒருவர் உண்டு. நாடி பார்க்கத் தெரிந்தவர். இவருடைய கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "ஒடம்புக்கு ஒண்ணுமில்ல தாயி. அந்தச் சக்கரச் சத்தம் அவரு காதுக்குள்ள போயி உக்காந்துகிட்டு எறங்க மாட்டேங்குது."

அரைப் பேர்

ஏரிச் சாலையில் குடியிருந்த ஒரு டீச்சரம்மா ஜோடி விளக்குத் தண்டு கேட்டிருந்தார். ஒன்றை என் வீட்டுக்காரர் அடிபடுவதற்கு முன்பே முடித்திருந்தார். மற்றது பாக்கி. டீச்சரம்மா கேட்டு ஆள் அனுப்பிக்கொண்டே இருந்தார். இத்தனை வருஷம் பார்த்த வேலைதானே என்று ஒரு தைரியம் வந்து, நான் உளியை எடுத்தேன். சக்கரம் சுற்ற, பக்கத்து வீட்டு லெட்சுமியைக் கூப்பிட்டுக்கொண்டேன். சிலோன் தேயிலைத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்து, அரசாங்கம் அனுப்பிவைத்ததால் எங்கள் மலைக்கு வந்து சேர்ந்தவள். விறகு சுமப்பாள், வாய் சும்மா இருக்காது. அவளுக்குச் செபம் தெரியாது. கொழுந்து எடுக்கிறபோது பாடுகிற பாட்டு ஒன்றைப் பாடியபடி சுற்றினாள்.

பார்க்கிற கண் வேறு, பிடிக்கிற கை வேறு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த உளி, கழுத்துப் பக்கம் வந்தபோது ஒரு மூலையால் மரத்தைக் கடித்துவிட்டது. கண் இமைப்பதற்குள் தண்டின் மேல் பாம்பு ஊர்ந்த தடம்போல ஒரு சுருள் காயம். எனக்கு அழுகை வந்துவிட்டது. லெட்சுமி பாட்டை நிறுத்திவிட்டு எட்டிப்பார்த்தாள். நான் மாதாவை நினைத்துக்கொண்டு, அந்தக் காயம் மறைகிற ஆழத்துக்கு அங்கே ஒரு பள்ளம் இறக்கினேன். பள்ளம் மட்டும் இருந்தால் தப்பு என்று தெரிந்துவிடும். கம்பி ஒன்றை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து, சுற்றுகிற பள்ளத்தில் அழுத்தினேன். உரசின சூட்டில் புகை எழும்பி, மரம் கருகி, மை தீட்டினது மாதிரி ஒரு கறுப்பு வளையம் விழுந்தது. அவ்வளவு அழகு அந்தக் காயத்துக்குள் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் ஜோடிக்கு ஜோடி ஒத்துப்போக வேண்டுமே. அவர் குறையில்லாமல் முடித்துவைத்த தண்டையும் மாட்டி, அதிலும் ஒரு பள்ளம் போட வேண்டி வந்தது. அதற்குத்தான் அதிகத் தைரியம் வேண்டியிருந்தது. முடித்து ஜன்னலில் வைத்தேன். அவர் உள்ளே வந்தார், தாம் செய்ததை எடுத்தார், கறுப்பு வளையத்துக்குள் நகத்தை விட்டு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், வைத்துவிட்டுப் போனார். டீச்சரம்மாவுக்கு வளையம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. அவர் புகழ்ந்துவிட்டுப் படியிறங்கியதும் லெட்சுமி, தோட்டத்தில் வேலை குறைந்தால் பாதிக் கூலிக்குப் பேர் போடுகிற வழக்கத்தை நினைத்துச் சொன்னாள்: "எங்க தோட்டத்துக் கணக்கப்புள்ள மாத்திரம் நீங்க அழுததப் பாத்திருந்தா, இதுக்கு அரப் பேருதாங்க்கா போட்டிருப்பாரு."

அடி போன கிண்ணம்

அதற்குப் பிறகு சின்னச் சின்ன வேலைகளை நானே எடுத்துச் செய்தேன். வளையம், குமிழ், பம்பரம். தைரியம் முற்றினால் அகந்தை. ஒரு பிளம்ஸ் மரக்கட்டையில் கிண்ணம் குடைய உட்கார்ந்தேன். பிளம்ஸ் மரத்தின் உள்நிறம் பிறந்த குழந்தையின் உள்ளங்கால் மாதிரி இருக்கும். குடையக் குடைய அந்த நிறம் இழுத்துக்கொண்டே போனது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போனேன். சுவர் மெலிந்துகொண்டே வந்தது. ஒரு கட்டத்தில் கிண்ணத்துக்குள்ளிருந்து வெளிச்சம் வருவதுபோல இருந்தது. எதிர் ஜன்னலில் மூடுபனி விலகி வெயில் விழுந்திருக்கிறது; அந்த வெயில் மரத்துக்குள் புகுந்து இந்தப் பக்கம் சிவப்பாக வந்துகொண்டிருந்தது. கையைச் சூரியனுக்கு நேரே பிடித்தால் விரலிடுக்கில் ரத்தச் சிவப்பு தெரியுமே, அப்படி. மரத்துக்குள் வெளிச்சம் நடக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. நான் சேசுவே என்று மலைத்து நின்ற அந்த நொடியில் கையும் சேர்ந்து மலைத்திருக்கிறது. உளி அடியைக் குத்திக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டது.

அடியில்லாத கிண்ணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மனசு கேட்காமல் அந்த ஓட்டையை வட்டமாகப் பெரிதாக்கி, ஓரத்தை இழைத்து, கோயில் கெபிக்கு, மாதா இருக்கிற கற்குகைக்கு, கொண்டுபோனேன். அங்கே மாதாவுக்கு முன்னால் ஆறு மெழுகுதிரி ஏற்றுவார்கள்; கொடைக்கானல் காற்றில் ஒன்றுகூட ஒரு செபமாலை முடிகிறவரைக்கும் நிற்காது. ஒரு திரியைச் சுற்றி அந்த அடிபோன கிண்ணத்தைக் கவிழ்த்தோம். திரி அசையவில்லை. கிண்ணம் முழுவதும் உள்ளேயிருந்து தணல்போலச் சிவந்தது. முழங்காலில் இருந்தவர்கள் செபத்தை விட்டுவிட்டு அதையே பார்த்தார்கள். கோயில் வேலை பார்க்கிற கோயில்பிள்ளை அந்தோணி எதையும் லேசில் பாராட்டாதவர். சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, என் காதோடு சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு. மத்த அஞ்சு திரிக்கும் எப்ப அடிய ஒடைக்கப் போற?"

மூச்சு விடுகிற மூடி

ஐப்பசியில் காதர் பாய் வந்தார். பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்தவர். மேல்மலைப் பூண்டையும் காய்கறியையும் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு அனுப்புகிறவர். மகளுக்கு அங்கேயே ஒரு கமிஷன் மண்டிக்காரர் வீட்டில் சம்பந்தம். நிக்காஹ் அன்றைக்கு மணப்பெண்ணுக்குக் கட்டுகிற கருகமணியை வைக்க ஒரு பெட்டி வேண்டும் என்றார். அவருடைய மனைவி இறந்துபோய் அதிக நாள் ஆகவில்லை. அந்த அம்மா போட்டிருந்த கருகமணியைத்தான் மகளுக்குக் கோத்து வைத்திருந்தார். "சவரி அண்ணன் செய்ய மாட்டாருன்னு தெரியும் தங்கச்சி. நீ செய்" என்றார். நான் சரியென்று அளவு கேட்டுக்கொண்டேன்.

அந்த வாரக் காற்றில் ஒரு பங்களாத் தோட்டத்துப் பேரிக்காய் மரம் சாய்ந்திருந்தது. அதில் ஒரு துண்டு கிடைத்தது. பேரிக்காய் மரம் மாதிரி உளிக்கு இணங்குகிற மரம் வேறு கிடையாது. வெண்ணெயில் கத்தி போவதுபோலப் போகும். இரண்டு உள்ளங்கையைக் குவித்த அளவில் உருண்டையாக ஒரு பெட்டி, அதற்கு ஒரு மூடி. மூடியை மேலே வைத்து விரலை எடுத்தால், அதுவாக மெல்ல இறங்கி, உள்ளே இருக்கிற காற்றைப் பெருமூச்சாக விட்டபடி போய் உட்காரும். உயிருள்ள ஒன்று தூங்கப் போகிற மாதிரி இருக்கும். நான் செய்ததுதானா என்று எனக்கே நம்பிக்கையில்லை. லெட்சுமி காலையெல்லாம் வேலையை விட்டுவிட்டு அதைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

வெளியே மழை. அவர் வழக்கம்போல இறவாணத்தில் உட்கார்ந்திருந்தார். நானாகத்தான் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். திறந்தார். உள்ளே முகர்ந்து பார்த்தார். மூடியை வைத்து, அது மூச்சு விடுவதைக் கேட்டார். அடிபட்ட நாளிலிருந்து வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத மனுஷர், என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "இது கீழ போகுதா?"

ரொட்டி அடுப்பின் மேலே

அவர் கேட்டது எனக்குச் சுரீரென்று உறைத்தது. ஐப்பசியில் எங்கள் மலையில் ஜாடியில் உப்பு தண்ணீராக நிற்கும். தீக்குச்சியை உரசினால் மருந்துதான் உதிரும். மரமும் அப்படித்தான், ஈரத்தைக் குடித்து ஊறிக் கிடக்கும். அதிலும் இது நேற்றுச் சாய்ந்த பச்சை மரம். பனிக்குள் கடைந்து பனிக்குள்ளேயே மூடிப் பார்த்துவிட்டு, ஒட்டன்சத்திரத்துக்கு இறக்கினால் கீழ்நாட்டுக் காற்று இரண்டு நாளில் ஈரத்தை உறிஞ்சிவிடும். பெட்டி ஒரு பக்கம் சுருங்கும், மூடி ஒரு பக்கம் சுருங்கும். நிக்காஹ் நேரத்தில் மூடி திறக்காது. இழுத்தால் விரிந்து பிளக்கும். மலையில் கடைந்து கீழே அனுப்புகிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. புதிதாகச் செய்யலாம் என்றால் காய்ந்த கட்டை அந்த அளவில் கைவசம் இல்லை. நிக்காஹுக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

யோசனை சொன்னது லெட்சுமி. தேயிலை ஃபேக்டரியில் கொழுந்தை நேராக நெருப்புக்குக் கொண்டுபோக மாட்டார்களாம். மேல்மாடியில் பரப்பி இளஞ்சூட்டுக் காற்றில் வாட்டுவார்களாம். பஜாருக்கு மேலே ஒரு ரொட்டிக் கடை இருந்தது. பெட்டியையும் மூடியையும், அதே மரத்தின் சீவல் சுருள்களுக்குள் புதைத்து, ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, ரொட்டி அடுப்பின் மேல்தட்டில் வைத்தோம். சீவல் மூடியிருந்தால் ஈரம் மெதுவாகத்தான் வெளியேறும், மரம் வெடிக்காது என்று ஒரு நம்பிக்கை. நான் போகவர அந்தக் கடை வாசலில் நின்று சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டேன். ரொட்டிக்கு மந்திரிக்கிறேன் என்று நினைத்தவர்களும் உண்டு.

டின்னைத் திறந்தபோது வெடிப்பு இல்லை. ஆனால் வட்டமாகப் படுத்த பெட்டி முட்டை வடிவமாக எழுந்திருந்தது. மூடியும் அப்படியே. இரண்டும் ஒன்றோடொன்று சேரவில்லை. எனக்குப் பயத்தைவிட ஆச்சரியம்தான் முந்தியது. வெட்டிச் சாய்த்து, அறுத்து, உருட்டி, வயிற்றைக் குடைந்த பிறகும் அந்த மரத்துக்கு, தான் எந்தப் பக்கம் பருத்தது, எந்தப் பக்கம் உயர்ந்தது என்று ஞாபகம் இருக்கிறது. குறுக்கில் சுருங்கியிருந்தது, நெடுக்கில் இம்மியும் அசையவில்லை. சர்வேசுரன் போட்ட கணக்கை நான் வட்டம் போட்டு அழித்துவிட முடியுமா? ரொட்டிக் கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தம்மால் ஆன ஆறுதலைச் சொன்னார்: "டின்ன இங்ஙனயே வச்சிருங்கம்மா. ரெண்டு நாளா ரொட்டியில பேரிக்கா வாசன வருதுன்னு ஹாஸ்டல் பிள்ளைங்க கூட ரெண்டு கேட்டு வாங்குதுக."

சக்கரத்தின் அந்தப் பக்கம்

இனி ஒரே வழி, முட்டையை மறுபடி வட்டமாக்குவது. ஒரு கட்டையில் பள்ளம் குடைந்து, அதற்குள் பெட்டியின் அடியை இறுக்கிச் செருகி, லேத்தில் மாட்டினேன். வாயோரம் சுவர் ஏற்கெனவே மெல்லியது. முட்டை வடிவம் சுற்றும்போது உளியில் ஒரு பக்கம் படும், ஒரு பக்கம் படாது. டக் டக் என்று அடிக்கும். அதற்குச் சக்கரம் எண்ணெய் ஒழுகுகிற மாதிரி சீராக, மெதுவாக ஓட வேண்டும். லெட்சுமி பாவம், விறகு சுமந்த கை. அவள் இழுத்த இழுப்பில் பெட்டி உதறியது. ஓரத்தில் ஒரு மரச்சிம்பு தெறித்தது. அவளே கையை எடுத்துவிட்டாள். இதற்கு மேல் தன்னால் ஆகாது என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு உளியைப் பிடித்த விரல் மரத்துப்போயிருந்தது. கருகமணிக்குப் பெட்டி இல்லை, இனி பாய் முகத்தில் எப்படி விழிப்பது என்று நின்றேன்.

அப்போது வாசலில் வெளிச்சம் மறைந்தது. அவர் நின்றுகொண்டிருந்தார். கம்பளியின் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. லேத்தின் பக்கம் பார்க்காமல் நேரே சக்கரத்துக்குப் போனார். கைப்பிடியைப் பிடித்தார். அந்தக் குளிரிலும் அவர் நெற்றியில் வியர்வை அரும்பியதை நான் பார்த்தேன். லெட்சுமி வாயில் கையை வைத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கினாள். அவள் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அவர் என்னைப் பார்த்து, "சொல்லு, சுத்துறேன்" என்றார்.

பட்டை ஓடத் தொடங்கியது. அந்தச் சத்தத்துக்கு அவர் கண்ணை மூடிக்கொண்டார், ஆனால் கை நிற்கவில்லை. முதலில் கொஞ்சம் தயங்கி, பிறகு சீராக. நான் உளியைக் கொடுத்தேன். டக் டக் என்றது. கொஞ்சம் கொஞ்சமாக அந்த டக் டக் தேய்ந்து, ஒரே இழையாக மாறியது. உளி எந்த இடத்தில் திணறும் என்று மரத்தின் சத்தத்தை வைத்தே அவருக்குத் தெரிந்தது. நான் மெதுவாக என்று சொல்ல வாயெடுப்பதற்குள் சக்கரம் மெதுவாகியிருக்கும். அத்தனை வருஷம் நான் அவருக்குச் சுற்றினேன். என் சுற்று ஒவ்வொன்றையும் அவர் இப்படிக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. இரண்டையும் வட்டமாக்கியதில் தெறித்த ஓரமும் போய், பெட்டியின் வாய் சிறுத்து, மூடி தொளதொளத்தது. பழைய கட்டில்கால் ஒன்றில் நன்றாகக் காய்ந்த ஈட்டி மரம் இருந்தது. அதில் மெல்லியதாக ஒரு வளையம் கடைந்து, அரக்கை உருக்கி மூடிக்குள் ஒட்டி, பெட்டி வாய்க்குத் தகுந்தபடி இழைத்தேன். வெளிர்ப் பேரிக்காய் மரத்துக்குள் கறுப்பாக ஒரு வளையம். மூடியை வைத்தேன். அது மெல்ல இறங்கி, மூச்சு விட்டு, உட்கார்ந்தது.

அவர் கைப்பிடியை விட்டார். சக்கரம் தானாக நின்றது. கை நடுங்கவில்லையா என்று மட்டும் கேட்டேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "உளிகிட்ட நின்னா அது எப்ப நிக்கும்னு தெரியாது மரியா. இங்கிட்டு நின்னா நிப்பாட்டுறவனே நாந்தானே."

ஹஜ்ரத் திறந்த பெட்டி

பெட்டியை எடுத்துக்கொண்டு காதர் பாய் வெள்ளனே முதல் பஸ்ஸில் இறங்கினார். அவர் திரும்பி வருகிறவரைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை. திரும்பியவர் நேரே பட்டறைக்குத்தான் வந்தார். என் வீட்டுக்காரர் சக்கரத்தருகே நின்றுகொண்டிருந்தார், நான் உளியோடு இருந்தேன். பாய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இது என்ன தலைகீழாக இருக்கிறது என்று கேட்க நினைத்து, நாகரிகமாக விட்டுவிட்டார். மனைவியின் கருகமணியை மகள் கழுத்தில் பார்த்தபோது அழுதுவிட்டதைச் சொன்னார். சொல்லும்போதும் கண் கலங்கியிருந்தது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்: "ஆனா கருகமணிய ஒருத்தரும் பாக்கல தங்கச்சி. வந்தவுக எல்லாம் அந்தப் பெட்டியத்தான் ஆளுக்கொரு தரம் தொறந்து தொறந்து மூச்சு விட வச்சாங்க. நிக்காஹ் ஓத வந்த எங்க ஹஜ்ரத்தே ரெண்டு தரம்."

தை பிறந்து மகன் லேத்தை விற்க ஆள் கூட்டிக்கொண்டு வந்தான். வாசலில் நின்று அப்பா சுற்றுவதையும் அம்மா கடைவதையும் கொஞ்ச நேரம் பார்த்தான். கூட்டி வந்த ஆளுக்கு ஒரு டீ வாங்கிக்கொடுத்து அனுப்பிவைத்தான். அதற்குப் பிறகும் என் வீட்டுக்காரர் உளி பிடிக்கவில்லை, நானும் கட்டாயப்படுத்தவில்லை. அவர் லேத்துக்குத் திரும்பி வரவேண்டும் என்றுதான் மாதாவிடம் தினமும் கேட்டேன். எந்த முனைக்கு என்று விவரமாகச் சொல்லாமல் விட்டதில், உளி எனக்கு வந்து சேர்ந்தது.